கோழிக் கொட்டகையில் ஒற்றை வயர்

"ஷாக் அடிச்சா ஆளைத் தூக்கி எறியுமுங்க. எறியறதுக்குக்கூட உடம்புல கொஞ்சம் எடை வேணும் சாமி. நீ அப்படியே ஒட்டிக்கிட்டுப் போயிருவே."

நான் வேலையில் சேர்ந்த அன்று, பள்ளி எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னது இது. மேல்நிலை வகுப்புகள் அப்போதுதான் வந்திருந்தன. எங்கள் பெண்கள் பள்ளியில் புதிதாக இயற்பியல் ஆய்வகம் திறந்திருந்தார்கள். அதற்கு உதவியாளராக வந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். ஏறியதோடு நிற்காமல் முதல் தடவையிலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். மோகனூர் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டும் என் அப்பா, அந்தச் செய்தியை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, ஆள் கிடைக்காதபோது வண்டி மாடுகளிடமும் சொன்னாராம். அப்படிப்பட்டவளிடம் எடையைப் பற்றிப் பேசினால் சும்மா இருக்க முடியுமா?

"எடை கம்மியா இருந்தா இன்னும் தூரமாப் போய் விழுவேனுங்க" என்றேன்.

அந்தப் பதில் அறிவியலுக்குப் பொருந்தாது என்பது பிறகுதான் தெரிந்தது. எழுத்தருக்குப் பொருந்தியது.

இந்த மாதத்தோடு நான் அந்த ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன். ஓய்வு என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். என் தலையில் ஒரு நரை கிடையாது, கண்ணாடியில் தேடிப் பார்த்துவிட்டேன். நானாகத்தான் வேலையை விடுகிறேன். ஆண்டு மலர் தயாரிக்கும் மாணவிகள் வந்து, "அக்கா, ஷாக் அடிச்ச கதையெல்லாம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அவர்களை ஏமாற்றத்தான் வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால், சுலோச்சனா டீச்சருக்குக் கோபம் வரும்.

சுலோச்சனா டீச்சர் எங்கள் இயற்பியல் ஆசிரியை. என் மேலதிகாரி. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்தப் பக்கத்தில் நாங்கள் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வரும். "ஆடு மாடு தவிர எல்லாத்துக்கும் போடுறீங்க. கரண்டுக்கும் ஒண்ணு போட்டுப் பழகும்மா. மரியாதை முதல்ல அதுக்குத்தான் வேணும்" என்பார்.

அவர் மரியாதை கொடுக்கும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மின்பலகையைத் தொடப் போகிறார் என்றால், முதலில் இடது கையை எடுத்துப் பின்பக்கம் இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொள்வார். எந்த வேலையானாலும் வலது கை மட்டும்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் அவருக்கு இடுப்பு வலி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். காரணம் கேட்டேன். "ரெண்டு கையும் உள்ளே போனா, ஒரு கையில ஏறின கரண்டு இன்னொரு கையில இறங்கும். ரெண்டு கைக்கும் நடுவுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். நெஞ்சு இருக்கிறது. அன்றிலிருந்து நானும் இடுப்பில் கையைச் செருகிக்கொள்ள ஆரம்பித்தேன். பள்ளியில் இடுப்பு வலிக்காரர்கள் இரண்டு பேர் ஆனோம்.

டெஸ்டர் பிடிப்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு வயரில் கரண்டு இல்லை என்று தெரிந்துகொள்ள, நேராக அந்த வயரில் டெஸ்டரை வைக்கக் கூடாது. முதலில் கரண்டு நிச்சயமாக இருக்கும் ஓர் இடத்தில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப் போகும் வயரில் வைக்க வேண்டும். எரியவில்லையா? உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. மறுபடியும் முதலில் வைத்த இடத்துக்கே போய், டெஸ்டர் இன்னும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். "நடுவுல டெஸ்டர் செத்திருந்தா? ஒரு துக்கினியூண்டு பல்பை நம்பி உயிரைக் குடுப்பியா?" என்பார். நான் இதைச் செய்கிறேனா என்று பார்க்க, கெட்டுப்போன டெஸ்டர் ஒன்றை என் இழுப்பறையில் கலந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். நான் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், "அட, இது கெட்டுப்போச்சா?" என்று ஆச்சரியப்படுவார். அந்த நடிப்பு ஒன்றில்தான் அவருக்குத் தேர்ச்சி போதாது.

பழகின முதல் வருடம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வழியிருந்தால்தான் கரண்டு ஓடும். அந்த வழி முழுதாக இருந்தால் மின்சுற்று, எங்காவது அறுந்தால் இருட்டு. திருவிழாவில் போடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடுகிறது, எல்லாப் பல்புக்கும் ஒரே வழி என்பதால். வீட்டில் ஒரு பல்பு போனால் மற்றவை எரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி வழி என்பதால். இவ்வளவுதான். மீதிக் காலம் முழுவதும் இந்த ஒரு வரியை மனிதர்களுக்குப் புரிய வைப்பதில் கழிந்தது.

விடுதியில் நடந்ததை இங்கே சொல்லாவிட்டால் பழைய மாணவிகள் சண்டைக்கு வருவார்கள். பள்ளி விடுதியில் ஃப்யூஸ் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் விடுதிக் காப்பாளர் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "இப்பெல்லாம் போறதே இல்லீங்க டீச்சர். கெட்டியா இருக்குது" என்றார்.

"போற ஃப்யூஸ்கிட்ட எனக்குப் பயமில்ல. போகாத ஃப்யூஸ்தான் பயம்" என்று சொல்லி, டீச்சர் என்னை அனுப்பினார்.

மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டையை உருவினேன். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொண்டை ஊசி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. கெட்டியாக இல்லாமல் என்ன செய்யும்? ஃப்யூஸ் கம்பியின் வேலையே முதலில் தான் உருகி மற்ற வயர்களைக் காப்பாற்றுவது. கொண்டை ஊசி உருகாது. பெண்கள் கூட்டமாக இஸ்திரிப் பெட்டியையும் வெந்நீர்க் கம்பியையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக, உத்தரத்தில் ஓடிய வயரின் மேலுறை வெந்து அப்பளம்போல நொறுங்கியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் உத்தரமும் சேர்ந்திருக்கும். அந்த ஊசியை ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன். யாருடைய தலையிலிருந்து வந்தது என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி எல்லாரும் கேட்கும் கதைக்கு வருகிறேன்.

பதினோராம் வகுப்பில் செல்வி என்று ஒரு மாணவி. அன்று டார்ச் விளக்கைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வயரே இல்லையே, கரண்டு எப்படித் திரும்புகிறது என்று பெண்களைக் கேட்பது என் வழக்கம். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, டார்ச்சின் தகர உடம்புதான் திரும்பும் வழி என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். அன்று செல்வி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த கையோடு எழுந்து நின்றாள்.

"அக்கா, கோழிக் கொட்டாய்ல சுத்தியும் வலைக்கம்பி அடிச்சிருக்குதுங்க. அதுவும் இப்படித்தானுங்களா? எங்கம்மாவ அது கடிக்குதுங்க."

வகுப்பே சிரித்தது. "கோழி கொத்தியிருக்கும்டீ" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"கொத்தறது எங்கம்மாவுக்குத் தெரியாதா? இது சுருக்குனு ஏறுதாமா. பல்பு மங்கலா எரியறப்பத்தான் கடிக்குது. நல்லா எரிஞ்சா ஒண்ணும் பண்றதில்லீங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி விசாரித்தேன். அவள் அம்மா பாவாயி, புதுச்சத்திரத்துப் பக்கம் நல்லுசாமி என்பவரின் கோழிக் கொட்டகையில் வேலை செய்கிறார். கொட்டகை கடிக்கிறது, இனி உள்ளே போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சோம்பி ஏதோ சாக்குச் சொல்கிறார் என்று நல்லுசாமி எடுத்துக்கொண்டு, உனக்கு முடியாவிட்டால் வேறு ஆளை அனுப்பு என்று சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

"அதனால திங்கக்கெழமையிலிருந்து எங்கம்மாவுக்குப் பதிலா நான் போறனுங்க அக்கா. டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள் செல்வி.

படிப்பும் நிற்கப் போகிறது, அந்தக் கம்பியில் கையும் வைக்கப் போகிறாள். நான் சுலோச்சனா டீச்சரிடம் ஓடினேன். அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுல நீ பார்த்தது எது, கேட்டது எது, நீயா நினைச்சது எது? பிரிச்சுச் சொல்லு."

பிரித்துப் பார்த்தால், பார்த்தது என்று ஒன்றுமே இல்லை.

"அப்போ பார்த்துட்டு வருவோம்" என்றார். மறுநாள் சனிக்கிழமை, குடையோடு வந்துவிட்டார். பேருந்தில் போகும்போது எனக்கு ஓர் எச்சரிக்கை. "போனதும் தப்புன்னு ஆரம்பிக்காதே. எப்படிங்க வயரிங் பண்ணுனீங்கன்னு கேளு. தன் கையால போட்ட வயரிங்கைப் பத்திக் கேட்டா எந்த ஆம்பளையும் வாயை மூட மாட்டான்."

அப்படியே ஆயிற்று. நல்லுசாமி லாரிக்காரர். லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்தவர். பிறகு சொந்த லாரி வாங்கி, அதற்கும் பிறகு எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் பலரையும் போலக் கோழி வளர்ப்பில் இறங்கியவர். நல்ல மனிதர். கட்டில் போட்டு டீச்சரை உட்கார வைத்து, டீ வரவழைத்தார்.

"வயரிங்குங்களா? நானேதான் போட்டனுங்க அம்மிணி. வெளியாளே வரல. லாரியில எப்படிங்க? பேட்டரியிலிருந்து லைட்டுக்கு ஒத்த வயரு போகும். திரும்பறதுக்கு லாரி பாடியே போதும். கல்கத்தா வரைக்கும் அப்படித்தானுங்க ஓடுது. இங்கியும் அதேதான். குஞ்சுக்குச் சூடு குடுக்கற பல்புக்கு ஒத்த வயரு. அந்தப் பக்கம் வலைக்கம்பியில ஒரு முறுக்கு. வலைக்கம்பி போர்டு வரைக்கும் வருதுங்களே, அதை, கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் வயருல சேத்துட்டேன். பாதி வயரு மிச்சம்!"

நான் டார்ச்சைப் பிரித்துக் காட்டிய பாடத்தை, அவர் கருங்கல் கால்களும் கீற்றும் வலைக்கம்பியுமாகக் கட்டி வைத்திருந்தார். தேடுவதற்கு எனக்கு அதிகம் மிச்சமில்லை. போர்டுக்குப் பக்கத்தில் வலைக்கம்பியை வயரோடு முறுக்கியிருந்த முடிச்சு, கார்த்திகை மழையில் துருப்பிடித்து லொடலொடவென்று இருந்தது. கரண்டு திரும்பும் ஒரே வாசல் அது. அது சரியாகப் பிடிக்காதபோது பல்பு மங்கும், திரும்ப முடியாத கரண்டு வலைக்கம்பியிலேயே நிற்கும். கம்பியைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் யார் நிற்கிறார்களோ, அவர்கள் வழியாக இறங்கப் பார்க்கும்.

ஈரத்துக்கும் அங்கே குறைவில்லை. கோழிகளுக்கு நோய் வராமலிருக்க, கொட்டகை வாசலில் ரோஜா நிறத்தில் மருந்துத் தண்ணீர் நிறைத்த தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். வேலை செய்பவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, அதில் வெறுங்காலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அங்கே நின்றுகொண்டிருந்த பாவாயியின் பாதங்கள் இரண்டும் ரோஜா நிறமாக இருந்தன. முதலாளி என்ற சலுகையில் நல்லுசாமி மட்டும் டயர் செருப்போடு நனைத்துக்கொள்வார்.

"உங்களுக்குக் கடிச்சுதுங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"எனக்கெதுக்குங்க கடிக்குது? இதோ பாருங்க" என்று வலைக்கம்பியை உள்ளங்கையால் தட்டினார். "ஒரு குஞ்சாவது செத்துச்சான்னு கேளுங்க. பெரிய ஆபத்துன்னா ஃப்யூஸு போயிருக்குமுங்களே?"

"நான் சொல்றது பொய்யின்னா நான் எதுக்குங்க இங்க நிக்கறேன்?" என்றார் பாவாயி.

"நீ செத்த பேசாம இரு பாவாயி. இந்தா, செருப்பையும் கழட்டிக் காட்டறேன்" என்று நல்லுசாமி குனிந்தார்.

டீச்சர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "செருப்பு காலிலேயே இருக்கட்டுங்க நல்லுசாமி. சோதனைக்கு ஆள் வேணாம். அதுக்கு இவ ஒரு பல்பு கொண்டாந்திருக்கா."

நான் பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஹோல்டரில் ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து நீளமான இரண்டு வயர். மெயினை அணைக்கச் சொன்னேன். டீச்சர் முறைப்படி டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வயரை வலைக்கம்பியில் கட்டினேன். இன்னொன்றை ஓர் இரும்புக் கம்பியில் கட்டி, அந்தக் கம்பியை முற்றத்து ஈர மண்ணில் அடித்து இறக்கினேன். முடிச்சை நன்றாக இறுக்கிவிட்டேன். குஞ்சுகளைப் பாய்த் தடுப்புக்குள் நடுவில் ஒதுக்கச் சொல்லி, எல்லாரையும் தள்ளி நிற்கவைத்துவிட்டு, மெயினைப் போடச் சொன்னேன். கொட்டகை பல்புகள் பளிச்சென்று எரிந்தன. என் பல்பு எரியவில்லை.

"பாத்தீங்களா?" என்று நல்லுசாமி சிரித்தார். "எங்க கரண்டு நல்ல கரண்டுங்க."

"மறுபடியும் மெயினை அணைங்க" என்றேன்.

இடது கையை இடுப்பில் செருகினேன். மெயினுக்கு முன்னால், கரண்டு வந்து சேரும் இடத்தில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. முடிச்சில் வைத்தேன். எரியவில்லை. திரும்ப முதல் இடத்தில் வைத்தேன். எரிந்தது. அதற்குப் பிறகுதான் முடிச்சைத் தொட்டு, முழுவதுமாக அவிழ்த்து விலக்கிவிட்டேன். துரு தானாக என்றைக்காவது செய்யப்போகும் வேலையை நான் முன்கூட்டியே செய்தேன், அவ்வளவுதான். எல்லாரும் தள்ளி நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"இப்பப் போடுங்க."

நல்லுசாமி மெயினைப் போட்டார். கொட்டகை இருட்டாகவே இருந்தது. ஒரு பல்புகூட எரியவில்லை. முற்றத்து மண்ணில் கிடந்த என் பல்பு மட்டும் தகதகவென்று எரிந்தது.

நல்லுசாமி கொட்டகையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், மறுபடி கொட்டகையைப் பார்த்தார்.

"உள்ளே விளக்கு அணைஞ்சா கரண்டு போயிருச்சுன்னு நினைச்சு யாராச்சும் கம்பியைத் தொடுவாங்க. அப்பத்தான் வலைக்கம்பி முழுக்கக் கரண்டு நிக்குது" என்றேன். "இப்ப அந்தப் பல்பு எரியற எடத்துலதானுங்க பாவாயி அக்கா நிக்கறாங்க. திங்கக்கெழமையிலிருந்து செல்வி நிக்கும்."

நல்லுசாமி தானே போய் மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டையையும் உருவி மடியில் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் நியாயமானவை. லாரியில் மட்டும் ஏன் அடிப்பதில்லை? லாரி பேட்டரியின் வோல்ட் குறைவு, அது உடம்புக்குள் புகுந்து ஒன்றும் செய்யாது. தவிர, அந்தக் கரண்டு லாரிக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும், தரையோடு அதற்குத் தொடர்பில்லை. வீட்டுக்கு வரும் கரண்டு அப்படியில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை மண்ணில் புதைத்திருக்கிறார்கள். நாம் நிற்கும் தரையே அதற்குத் திரும்பும் வழி. நல்லுசாமியின் டயர் செருப்பு அந்த வழியை மறித்தது, பாவாயியின் ஈரப் பாதம் திறந்துவிட்டது. குஞ்சுகள் காய்ந்த உமியில் நிற்கின்றன. கம்பியில் தொற்றினாலும் இரண்டு காலும் ஒரே கம்பியில்தான் இருக்கும், கரண்டு போய்ச் சேர வேறு இடம் கிடையாது. மின்கம்பியில் காக்கை உட்காருவதும் அப்படித்தான். ஃப்யூஸ் ஏன் போகவில்லை? அது உருக வேண்டுமானால் நிறையக் கரண்டு ஓட வேண்டும். ஆளைக் கொல்ல, ஒரு பல்புக்கு வேண்டிய கரண்டுகூட வேண்டாம். ஃப்யூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது.

"நான் சொன்னப்ப கோழிக்குக்கூடக் கேட்டுதுங்க. உங்களுக்குத்தான் கேக்கல" என்றார் பாவாயி.

"கேக்கலதான் பாவாயி. வயரு மாத்தற வரைக்கும் குஞ்சுக்குச் சூட்டுக்குக் கரியடுப்பு வெச்சுக்கலாம். நீயே பாத்துக்கோ. புள்ளைய அனுப்பாதே, அது பள்ளிக்கொடம் போவட்டும்" என்றார் நல்லுசாமி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களே வயரு மாத்திக் குடுத்துருங்க அம்மிணி" என்றார்.

என் கை குறட்டைத் தேடிப் பைக்குள் போனது. டீச்சர் இருமினார். "உரிமம் இல்லாம நீ போட்டா, நீயும் நல்லுசாமியும் ஒண்ணுதான். வெளியே எடு கையை."

திங்கட்கிழமை செல்வி வகுப்பில் இருந்தாள். கொட்டகைக்கு உரிமம் உள்ள ஒரு வயர்மேன் வந்து வேலை பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த் வயரை மறந்துவிட்டீர்களே, சுவிட்சை நியூட்ரலில் போடுகிறீர்களே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர், "இவ்வளவு தெரிஞ்ச நீங்க எதுக்குங்க என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது கேலியாகப் படவில்லை. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் அப்போது கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் எத்தனை லாரிக்காரர்கள் ஒற்றை வயர் இழுத்திருப்பார்கள், எத்தனை பாவாயிகள் சாக்குச் சொல்கிறார்கள் என்று பேர் வாங்கியிருப்பார்கள்?

டீச்சரிடம் பாடம் கேட்டு, வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்குத் தேர்வு எழுதினேன். செய்முறைத் தேர்வு நடந்த கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "யாருக்கு சாப்பாடு கொண்டாந்தீங்கம்மா?" என்று கேட்டார். "எனக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு, என் மேசையில் போய் நின்றேன். தேறினேன். முதல் தடவையிலேயே என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிக்கொள்கிறேன்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. நாமக்கல்லில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வயர்மேனாகச் சேர்ந்தும்விட்டேன். மீதமிருந்த விடுப்பில் முதல் வேலையும் ஆரம்பித்துவிட்டது. பரமத்தி ரோட்டில் ஒரு புதுக் கோழிக் கொட்டகை. சொந்தக்காரர் லாரிக்காரர். நான் இறக்கி வைத்த வயர் சுருள்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஒத்த வயரு ஆகாது, ரெண்டு வேணும்னு நல்லுசாமி சொன்னாப்ல. நீங்க மூணாவதும் கொண்டாந்திருக்கீங்க?"

"ரெண்டு கோழிக்குங்க. மூணாவது, உள்ளே வேலை செய்யறவங்களுக்கு" என்றேன்.

பிறகு எர்த் குழிக்கு இடம் குறித்து, கடப்பாரையை இறக்கினேன்.